நாய் வளரும் வீட்டில் தோட்டம்: நர்சரிக்குக் கடைசியில் போங்கள்

நாய் வந்த பிறகு தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நர்சரிகள் பக்கம் வண்டியை விட்டு, கண்ணில் பட்ட பூச்செடியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, மாலைக்குள் நட்டுவிடுவது. மறுநாள் காலையில் பாதிச் செடி வேரோடு வெளியே கிடக்கும். அப்புறம் நாயைத் திட்டுவது, கட்டிப்போடுவது, கடைசியில் ‘நாய் இருக்கிற வீட்ல செடி வராதுப்பா’ என்று தீர்ப்பு எழுதிவிடுவது.

தாராளமாக வரும். வேலையின் வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் முதலில் நிழல், அடுத்து தரை, அடுத்து நாயின் நடைவழி, அதற்கும் பிறகுதான் செடி. புல்தரை எல்லாவற்றுக்கும் கடைசி. பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை. அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ தனி வீடு உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மொட்டை மாடிக்காரர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு வாரம் சும்மா பாருங்கள்

ஒரு தாளில் மனையை வரைந்துகொள்ளுங்கள். கேட், சம்ப் மூடி, செப்டிக் டேங்க், போர், மழைநீர் சேகரிப்புக் குழி, துணிக்கொடி, ஏசி தண்ணீர் சொட்டும் இடம் எல்லாம் அதில் வர வேண்டும். காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, மாலை நான்கு மணி என்று மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். கூடவே நாய் என்ன செய்கிறது என்பதையும். எந்தச் சுவரை ஒட்டி ஓடுகிறது, பெல் அடித்தால் எந்த வழியாகக் கேட்டுக்குப் பாய்கிறது, மதியம் எங்கே போய்ப் படுக்கிறது, எந்த மூலையில் காலைத் தூக்குகிறது.

வாரக் கடைசியில் தாளில் இரண்டு மூன்று கோடுகள் அழுத்தமாக விழுந்திருக்கும். நாய் தன் எல்லையை ஒரே தடத்தில்தான் சுற்றும். அந்தத் தடத்தின் மேல் ரோஜா வைத்தால் ரோஜாதான் போகும். காம்பவுண்டு சுவரை ஒட்டிச் செடி வைப்பது நம் ஊர் வழக்கம். நாய் உள்ள வீட்டில் சுவருக்கும் செடிக்கும் நடுவில் இரண்டடி விட்டுவிடுங்கள். வாசலிலிருந்து பார்த்தால் செடி வரிசைதான் தெரியும், பின்னால் உள்ள சந்து தெரியாது. நாய்க்கோ ரோந்து போக வழி கிடைத்துவிடும். வீட்டின் பக்கவாட்டில் மூன்றடி நான்கடிதான் இடம் என்றால் அங்கே தரையில் செடியே வேண்டாம். அதை நாய்க்கே எழுதிக் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கும் தொட்டிகளை மாட்டிக்கொள்ளலாம்.

கேட்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடியில் அரைச் சாண் இடைவெளி இருந்தாலும் குட்டி தலையை நுழைத்துப் பார்க்கும். கம்பி கேட்டாக இருந்தால் கீழ் மூன்றடிக்குத் தகடு அடித்துவிடலாம். தெரு நாய்களோடு மூக்கு உரசுவதும், போகிறவர் வருகிறவரைப் பார்த்து ஓயாமல் குரைப்பதும் குறையும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு நாலடிச் சுவர் சுவரே இல்லை. ஆறடி வேண்டும், சுவரோரம் ஏறி நிற்க வசதியாகப் பெரிய தொட்டியோ துவைகல்லோ இருக்கவும் கூடாது. சாதாரண நாளில் ஒழுங்காக இருக்கும் நாய்கூட தீபாவளி வெடிச் சத்தத்தில் எதைத் தாண்டுமென்று சொல்ல முடியாது.

நிழல், அப்புறம் தரை

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சென்னைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் சிரமம். ஆகவே நாய் படுக்கும் இடத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் நிழல் வேண்டும். கிழக்குப் பக்கத்தை மட்டும் செடியாலோ தட்டியாலோ அடைத்துவிடாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்த வழியாகத்தான் வரும்.

மரம் என்றால் என் வாக்கு புங்கைக்கு. வெயில் ஏறும் முன்பே புதுத் தளிர் விட்டு, கோடைக்கு அடர்ந்த நிழலோடு தயாராகிவிடும். உதிரும் காய்களை மட்டும் அவ்வப்போது கூட்டி எடுத்துவிட வேண்டும், நாய் மென்று பார்க்கக் கூடாது. வேம்பும் நல்லதுதான். குல்மோகர் பூக்கும்போது கண்ணுக்கு அழகு, ஆனால் கிளை சீக்கிரம் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஊரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்னை இருந்தால் அதன் அடியில் நாய்க்கூண்டை வைக்காதீர்கள். மட்டையும் காயும் நேரம் பார்த்து விழாது.

மரம் நிழல் கொடுக்க மூன்று நான்கு வருடமாகும். அதுவரை? நாலு சவுக்குக் கம்பு நட்டு மேலே தென்னங்கீற்று வேய்ந்த சின்னக் கொட்டகைக்கு ஈடு எதுவும் இல்லை. பச்சை வலையைவிடக் குளிர்ச்சி, பார்க்கவும் லட்சணம். கம்பிப் பந்தல் போட்டு முல்லையையோ இரங்கூன் மல்லியையோ ஏற்றிவிட்டால் ஒரு வருடத்தில் பந்தல் மூடிவிடும். பந்தல் காலில் கொடி ஏறும் கீழ் இரண்டடிக்குக் கோழி வலை சுற்றிவிடுங்கள்.

தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நாமெல்லாம் செருப்போடு நடக்கிறோம். மதியம் இரண்டு மணிக்குப் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். அதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் நாயின் பாதத்துக்கும் அந்தத் தரை ஆகாது. கடப்பா கல்லும் கறுப்பு கிரானைட்டும் இந்தச் சோதனையில் தோற்கும். செயற்கைப் புல் இன்னும் மோசம்: வெயிலில் கொதிக்கும், சிறுநீர் வாடை ஏறிவிட்டால் போகவே போகாது. வெளிர் நிறச் சொரசொரப்பு டைல்ஸ், செங்கல் பாவிய பாதை, மண்ணில் விட்டுவிட்டுப் பதித்த கற்கள், இவை பரவாயில்லை. ஜல்லி பாதத்தைக் குத்தும். அலங்காரக் கூழாங்கல் வேண்டுமென்றால் நாயின் வாய்க்குள் போகாத அளவில் பெரிதாக வாங்குங்கள். கல்லை விழுங்கிவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நாய்கள் உண்டு.

மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டிருந்தாலும் பகல் பத்து மணிக்கு மேல் நாயை மாடிக்கு ஏற்ற வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டி அடுக்கினால் அது நாய்க்குப் படிக்கட்டு. தொட்டிகளை மாடியின் நடுவில் தூண்களுக்கு மேலாக வருமாறு கூட்டமாக வையுங்கள், பாரமும் சரியான இடத்தில் இறங்கும்.

தோண்ட ஒரு இடம், ஒதுங்க ஒரு இடம்

நாய் மண்ணைத் தோண்டுவதற்குப் பாதிக் காரணம் சூடுதான். மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, அடியிலிருக்கும் ஈரமண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். எங்கே ஈரம்? நீங்கள் காலையில் தண்ணீர் ஊற்றிய செடியின் அடியில். நிழலான இடத்தில் நாலுக்கு நாலடி, ஒன்றரையடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, சுற்றிலும் இரண்டு வரிசை செங்கல் வைத்து, ஆற்று மணல் நிரப்பி, கோடையில் தினமும் ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு பந்தையோ எலும்பு பிஸ்கட்டையோ அதில் அரைகுறையாகப் புதைத்து வைத்தால் இடம் பழகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் இயல்பிலேயே மணல்தான். செங்கல் வரப்பு மட்டும் போதும். இரவில் ஒரு தட்டியால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் தெருப் பூனைகள் பயன்படுத்திக்கொள்ளும்.

கழிவுக்கு வேறு மூலை. அடியில் ஜல்லி, மேலே மணல். போரிலிருந்தும் மழைநீர் சேகரிப்புக் குழியிலிருந்தும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. குழிக்குள் இறங்குவதெல்லாம் நாளைக்கு நம் நிலத்தடி நீர்தான். தினமும் காலையில் நாயைக் கயிற்றில் பிடித்து நேராக அந்த மூலைக்கே அழைத்துப் போய், முடித்த கையோடு பாராட்டி ஒரு தின்பண்டம் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஆண் நாய் என்றால் அங்கே ஒரு கருங்கல்லையோ மரக்கட்டையையோ நட்டுவையுங்கள். அதற்குக் காலைத் தூக்க ஒரு குறி வேண்டும், அது உங்கள் துளசி மாடமாக இருக்க வேண்டாம். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். காய்கறிக்குப் போடும் மக்குரத்தில் அதைச் சேர்க்கக் கூடாது, புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே வரக் கூடாத செடிகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். நம் தெருக்களில் சாதாரணமாகக் கிடைக்கும் செடிகளில் சில நாயைக் கொன்றுவிடும்.

முதலில் அரளி. நெடுஞ்சாலை நடுவிலும் கோயில் நந்தவனத்திலும் பார்க்கிற அதே செடி. இலை, பூ, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அரளி விதையும் அப்படியே. பூஜைக்குப் பறித்து வாடிய பூவைக்கூடத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. மாடித் தோட்டக்காரர்கள் ஆசையாக வளர்க்கும் அடினியமும் இதே குடும்பம், இதே விஷம். அடுத்து, பனை மாதிரி அழகாக இருக்கிறது என்று புது வீடுகளின் வாசலில் வைக்கிற சைகஸ். அதன் விதை ஒன்றிரண்டு போதும், ஈரல் போய்விடும். நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கைத் தோண்டி எடுத்துக் கடித்தால் பிழைப்பது கடினம். ஆமணக்கு, குண்டுமணி, ஊமத்தை மூன்றும் காலி மனைகளிலிருந்து தானாகவே வந்து முளைக்கும். மழைக்குப் பிறகு ஒரு நடை சுற்றிப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். நித்தியகல்யாணியும் ஆகாது. அது இல்லாத சென்னை வீடு குறைவு என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

டிபன்பேக்கியா, காலேடியம், மணி பிளான்ட் மூன்றும் இன்னொரு ரகம். மென்றால் வாயில் ஊசி குத்தின மாதிரி எரிந்து, உதடு வீங்கி, எச்சில் ஊற்றும். உயிருக்கு ஆபத்து அரிது, வேதனை அதிகம். இவற்றை நாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். குரோட்டன்ஸ், சாமந்தி, டேபிள் ரோஸ், சோற்றுக்கற்றாழை எல்லாம் வயிற்றைக் கலக்கும். நாய் இலையை மெல்லும் பழக்கமுள்ளது என்றால் அவையும் வேண்டாம். குட்டிக்கு ஒரு வயதாகும்வரை எல்லாவற்றையும் மெல்லும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீறி எதையாவது தின்றுவிட்டால், வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். தின்ற செடியில் ஒரு கொத்தைப் பறித்து பையில் போட்டுக்கொண்டு உடனே கிளம்புங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரின் எண்ணும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சரி, என்ன நடலாம்?

நிறைய இருக்கிறது. செம்பருத்தி, மல்லி, முல்லை, இட்லிப்பூ, கல்வாழை, வாழை, ஜின்னியா, சூரியகாந்தி, துளசி, அரேக்கா பாம், மூங்கில், நிழலுக்கு பாஸ்டன் பெரணி. இவற்றை வைத்தே லட்சணமான தோட்டம் போட்டுவிடலாம்.

அழகுக்கு என் யோசனை ஒன்றுதான்: ரகத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்து ரகத்தில் ஒவ்வொன்று வைத்தால் தோட்டம் நர்சரியின் மிச்சம் போல இருக்கும். நான்கு ரகத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் ஐந்தாறு செடிகளை நெருக்கி நட்டால் பார்க்கவும் நிறைவு, நாயும் நடுவில் புகுந்து ஓடாது. இடைவெளி தெரிந்தால் அது வழி என்றுதான் நாய் நினைக்கும்.

உதாரணத்துக்கு, இருபதுக்குப் பத்தடி முன்வாசலை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரையடி உயரத்தில் செங்கல் மேடை கட்டி மண் நிரப்புங்கள். பின்வரிசையில் செம்பருத்தி, முன்வரிசையில் குட்டை இட்லிப்பூ. மேடை உயரமாக இருப்பதால் சிறுநீர் இலையில் படாது, மழைத் தண்ணீரும் தேங்காது. மேற்கு மூலையில் அரேக்கா பாம் மூன்று சேர்த்து. கேட்டின் மேல் வளைவாக முல்லை. வீட்டுச் சுவரோர நிழலில், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் பெரணி. அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றக்கூட வேண்டாம். நடுவில் பதித்த கற்பாதை, நாய் கேட்டுக்குப் பாயும் அதே கோட்டில். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் எடுப்பாகத் தெரியும், சிவப்பு மங்கல். உங்கள் அடுக்குச் செம்பருத்தி முழுக்க முழுக்க உங்களுக்காகத்தான்.

செடி வாங்கும்போது சின்னக் கவர் நாற்றைத் தவிர்த்து, பெரிய பையில் ஓரளவு தண்டு முற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் வாலடிக்குத் தாங்கும். லேப்ரடார் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். தொட்டி என்றால் சிமெண்டுத் தொட்டி. குரோ பேக்கை ஒரே நாளில் கிழித்துவிடும். சொட்டுநீர்க் குழாயையும் தோட்ட விளக்கு வயரையும் வெளியே தெரியவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள்.

புல்தரை

கொரியன் புல் எல்லோருக்கும் ஆசை. அதற்கு முழு வெயிலும் நல்ல தண்ணீரும் வேண்டும், நாயின் ஓட்டத்தை ஓரளவுதான் தாங்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர் இது. எனவே புல் வேண்டுமென்றால் பத்துக்குப் பத்தடிக்கு மேல் போகாதீர்கள், அதையும் நாயின் தடத்திலிருந்து விலக்கிப் போடுங்கள். நம் அருகம்புல் கரடுமுரடாகத் தெரிந்தாலும் மிதிபட்டு மிதிபட்டுத் திரும்ப முளைக்கும். வயிறு சரியில்லாதபோது நாய் தானே போய் மேய்வதும் அதைத்தான்.

புல்லில் அங்கங்கே மஞ்சள் வட்டம் விழுவது சிறுநீரில் உள்ள யூரியாவால். நாய் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது. அதற்காக நாயின் சாப்பாட்டில் எதையாவது கலக்கும் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உரத்தில் ஒளிந்திருப்பது

செடியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு உரத்தில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஆமணக்குப் புண்ணாக்கு இயற்கை உரம்தான், ஆனால் நாய்க்குக் கடும் விஷம். கலவை உரமாக வாங்கினால் அதில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எலும்புத் தூளோடு கலந்திருந்தால் வாசனைக்கே நாய் தேடிப்போய்த் தின்னும். கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் ஊற்றிய செடியை மறுநாள் வேரோடு பார்க்கலாம். மண்புழு உரமும் நன்றாக மக்கிய சாணமும் போதும், பூச்சிக்கு வேப்பம் புண்ணாக்கு. மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் படையெடுத்தாலும் நத்தை மருந்து தூவாதீர்கள். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதுதான் வழி, கையுறை போட்டுக்கொண்டு.

மழைக்காலம்

ஊருக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டிவிடும். தண்ணீர் தேங்கினால் கொசுவோடு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரை நாய் குடிக்கும். நடைவழியின் வாட்டம் மழைநீர்க் குழியை நோக்கி இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

முருங்கை இருந்தால் தண்டில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொண்டிருக்கும். நாய் முதலில் மூக்கைத்தான் கொண்டுபோய் வைக்கும், அரை மணியில் முகம் பன்னாக வீங்கிவிடும். அந்தச் சில வாரங்களுக்கு மரத்தைச் சுற்றி வலை கட்டுவதுதான் உத்தமம். தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டிலிருந்து குழாயால் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உண்ணி வருடம் முழுக்க உண்டு. ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் புல்லைவிடச் சுவர் வெடிப்பிலும் கூண்டின் மூலையிலும்தான். கூண்டைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, சருகு குவியாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். நாய்க்கு உண்ணி மருந்து கொடுப்பதை மருத்துவரிடம் கேட்டு விடாமல் செய்யுங்கள், தோட்டத்தைச் சுத்தமாக வைப்பது அதற்கு மாற்று ஆகாது. தாம்பரம் தாண்டி, மேடவாக்கம் பக்கமெல்லாம் பாம்பும் கணக்கில் உண்டு. விறகு, உடைந்த ஓடு, பழைய தொட்டி எதையும் தரையில் குவிக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது

கத்திரியில் கொட்டகை, தரை, செங்கல் மேடை வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். செடி ஆடியில். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கு மட்டுமில்லை. ஆடியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். நட்ட இடத்தைச் சுற்றி இரண்டடி உயரக் கோழி வலை கட்டாயம். ஆறு வாரம் கழித்து, செடியை லேசாக இழுத்துப் பார்த்து அசையவில்லை என்றால் வலையைக் கழற்றலாம். ஒரே நாளில் மொத்தத்தையும் கழற்றாமல் ஒரு பக்கமாக ஆரம்பியுங்கள். முதல் சில நாள் நாயைத் தனியாகத் தோட்டத்தில் விடாமல் நீங்களும் காபியோடு அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். எங்கே புகப் பார்க்கிறதோ அந்த இடத்தில் இன்னொரு இட்லிப்பூவை நடுங்கள்.